எலும்புச் சோதனைக்கு வந்த அழைப்பு

அன்புள்ள சுன்னிவா,

தீவில் இன்னும் பனி விழுகிறது. ஆடுகள் நலம். உன் இடுப்பெலும்பு கூடினாலும் நம் வீட்டுப் படியேறுவது கடினம் என்று போன வாரம் டாக்டர் தொலைபேசியில் சொன்னார். நீ ஆஸ்பத்திரியில் இருக்கும் பெர்கன் நகரிலேயே முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருக்கிறாயாம். நீ என்னிடம் அதைச் சொல்லவில்லை.

போன செப்டம்பரில், முறிந்த உன் மணிக்கட்டு ஆறியதும், தினமும் கேட்பாயே: "எலும்பு அடர்த்தி பாக்கக் கூப்பிட்டு லெட்டர் வந்துச்சா?"

"வரலை. கால்சியம் மாத்திரை போடுறியே, அது போதாதா?" என்பேன்.

"என் எலும்பப் பாக்க ஆஸ்பத்திரிக்கே பயம்போல" என்று சிரிப்பாய்.

கடிதம் வந்திருந்தது, சுன்னிவா. மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் நாளில் உன்னை அழைத்திருந்தார்கள். நீ இல்லாமல் என்னால் அவற்றை மடக்க முடியாது. நானே போன் செய்து, நீ வர மாட்டாய் என்று சொல்லிவிட்டேன். பிறகு வேறு நாள் கேட்கலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை. போன மாதம் நீ படகுத்துறையில் வழுக்கி விழுந்தாய்.

மாத்திரை ஏன் காப்பாற்றவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அது மட்டும் போதாதுங்க. முன்னாடியே சோதிச்சிருந்தா வேற மருந்து குடுத்திருப்போம். அப்பவும் உடைஞ்சிருக்காதுன்னு சொல்ல முடியாது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். இனி முடியவில்லை.

நாளைக் காலைப் படகில் வருகிறேன். இதை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிட்டால் உள்ளே வருவேன். கூப்பிடாவிட்டால், மாலைப் படகில் திரும்பிவிடுவேன்.

உன் கணவன்