ஏரிப் படகில் ஒரு ‘நாங்க’

மார்கழி 19, சனி

பனி. வெயில் ஏறும் வரை எதிர்க்கரை தெரியவில்லை. ஒருவழியாகக் காவேரிப்பாக்கம். ஆம்பூரில் ரயில், வாலாஜா ரோடில் பஸ், கடைசியில் கட்டை வண்டி. இடுப்பு கழன்றுவிட்டது.

தோல் பதனிடும் ஷாப்பில் தொட்டிகளுக்குப் பூச்சு வேலை. அதனால் மூன்று பேருக்கும் லீவு. ஏரியில் படகு விடலாம் என்பது கரீம் பாயின் யோசனை. ஷாப்புக்குப் பச்சைத் தோல் வாங்கிப் போடுகிறவர் அவர். எங்கே போனாலும் ஆள் பழக்கம் உண்டு. கரைமேல் இருக்கும் பங்களாவில் அறை கிடைத்ததும் அவர் சிபாரிசில்தான். தேவராஜ் தோல் கட்டுகளை ரயிலேற்றும் கிளார்க். நான் தரம் பிரிக்கிறவன்.

கொண்டுவந்தவை: அரிசி, மிளகாய்த்தூள், டீத்தூள், என் தைலம், தேவராஜின் புது மப்ளர். மறந்தது: தீப்பெட்டி. மூன்று தடி ஆண்பிள்ளைகள்!

படகுக்காரர் எத்திராஜ். படகு அடி தட்டை, அவரோடு சேர்த்து நாலு பேருக்குக் கணக்கு. ஐந்தாவதாக ஏறுகிறவனுக்கு நீச்சல் தெரிய வேண்டும் என்கிறார்.

கரீம் பாய்க்குச் சொந்த ஊர் கர்நூல். ஆம்பூர் வந்து இத்தனை வருஷம் ஆகியும் தமிழ் அவரிடம் வழுக்கும். எத்திராஜிடம், “நீ உக்காருங்க, நான் தள்றேன்” என்றார்.

“நீங்க சும்மா குந்துங்க பாய். கவுத்துடப் போறீங்க.”

நன்றாகச் சிரித்தேன். இப்படிச் சிரித்து நாளாயிற்று.

மார்கழி 20, ஞாயிறு

விடிந்ததும் படகு. ஏரி நிரம்பி, கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில். நடுவே புகுந்து வரவுக்கால்வாய்க்குள் போனோம். இரண்டு பக்கமும் நாணல். கழி தண்ணீரில் இறங்கும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. இந்தச் சுத்தமான காற்றில்தான் தெரிகிறது, என் சட்டை எவ்வளவு நாறுகிறது என்று. ஷாப்பில் எல்லோரும் ஒரே நாற்றம், அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

திரும்பும் வழியில் கரீம் பாய் சொன்னார்: “சபாபதி ஸாப், பொங்கல் ஆனதும் நாங்க பட்டணம் போறோம். பெரியமேட்டுல சொந்தமா தோல் மண்டி. தேவராஜ் கிட்ட பேசிட்டேன். நீங்க இன்னா சொல்றீங்க?”

நாங்க. நாம என்று சொல்லியிருந்தால் நானும் அதில் உண்டு. நாங்க என்றால் அவரும் தேவராஜும். எனக்கு வாசலோடு சரி.

“நான் இன்னா சொல்றது? சந்தோஷம். நல்லபடியா போய்ட்டு வாங்க. எனக்கு ஆம்பூரே போதும்.”

“யோசிக்காம சொல்றீங்களே.”

“இதுல யோசிக்க இன்னா இருக்கு பாய்?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், குறுகுறுக்கட்டும். தேவராஜ் மப்ளரைத் திருப்பித் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கெளுத்திக் குழம்பு. மார்கழியில் மீனா என்று யோசித்தேன். பிறகு தின்றேன்.

மனைவி மங்களம் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடையாது. பானையோடும் பல்லியோடும்தான் குடித்தனம். சாயங்காலம் கரீம் பாய் வீட்டு டீ, தேவராஜின் ஊர்வம்பு, அவ்வளவுதான் என் நாள். அதுவும் பொங்கலோடு போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்கழி 21, திங்கள்

தூறல். படகு எடுக்கவில்லை. என் கோபம் உச்சாணிக் கொம்பில். காலையில் கரீம் பாய் டீயை நீட்டினார். வயிறு சரியில்லை என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனார், தந்தி அடிக்கணும் என்று.

பொழுது சாய்ந்தும் அவர் வரவில்லை. மதகுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தேவராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னா சபாபதி, மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டீங்க? பாய் நேத்து சரியா சாப்பிடவே இல்ல. தரம் பாக்க சபாபதியை விட்டா ஆளே கிடையாதுன்னு, உங்களுக்கும் சேத்து வீடு பாத்து வெச்சிருக்காரு.”

“என்னை எங்க கூப்பிட்டாரு? நாங்க போறோம்னுதானே சொன்னாரு?”

தேவராஜ் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை.

“யோவ், அவங்க உருது பாஷையில நாமன்னாலும் ‘ஹம்’தான், நாங்கன்னாலும் ‘ஹம்’தான். தெனம் நம்மளைக் கூப்பிட்டு ‘நாங்க டீ சாப்பிடலாமா’ன்னுதானே கேக்கறாரு? நீ போய் குந்திக் குடிக்கல?”

குடித்தேன். ஒரு நாள் தவறாமல் குடித்தேன். அப்போதெல்லாம் அந்த வார்த்தை காதில் விழவே இல்லை. நேற்று மட்டும் எப்படி விழுந்தது? யாராவது என்னை விட்டுவிட்டுப் போவார்கள் என்று எந்நேரமும் காது தீட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான்.

உடனே சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். கரீம் பாய் நனைந்து வந்தார். தலைவலி என்று போர்த்திப் படுத்துவிட்டார். காலையில் படகில் சொல்லிக்கொள்ளலாம். மனசு லேசாக இருக்கிறது. பெரியமேட்டில் தண்ணீர் உப்பாமே? இருக்கட்டும்.

மார்கழி 22, செவ்வாய்

நல்ல வெயில். ஏரி பளபள. படகில் இன்னின்னபடி சொல்வது என்று பல் தேய்க்கும்போதே ஒத்திகை.

முதல் பஸ்ஸிலேயே ஆற்காட்டிலிருந்து கரீம் பாயின் மச்சினன் வந்து நின்றான். ரஹீம். கையில் மக்கன் பேடாப் பெட்டி. தந்தி கிடைத்ததாம்.

“நேத்தே ஜவுளிக் கடையில கணக்கை முடிச்சுட்டேன் பாய்ஜான். மொதலாளி கத்தினாரு. பட்டணத்துல எங்க மண்டி இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

எனக்கு முதல் பேடாவைக் கொடுத்தான். நல்ல பையன், புதுக் கல்யாணமாம். திட்டுவதற்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் பேஜார். நான் வேண்டாம் என்ற இடத்துக்கு வந்தவன், இவன் பிழைப்பில் போய் நான் எப்படி வாயைத் திறப்பேன்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் அன்றைக்கு வேண்டாததைப் பேசியது, இன்றைக்கு வேண்டியதைப் பேசவில்லை. பேடா தின்றது.

படகு நாலு பேருக்குத்தான். எனக்கு நீச்சல் தெரியாது. நான் கரையில் இருந்துகொள்கிறேன் என்றேன். கரீம் பாய் “பரவால்ல, வாங்க” என்று இரண்டு தடவை கூப்பிட்டார். போகவில்லை.

பேச்சு தண்ணீர்மேல் நன்றாகக் கேட்கிறது. ரஹீம் என்னவோ சொல்கிறான், தேவராஜ் சிரிக்கிறார். மரங்களுக்குள் நுழைந்த பிறகு அதுவும் இல்லை. கரையில் ஆடு மேய்க்கிறவளும் நானும். அவளும் ஆடுகளோடுதான் பேசினாள். மங்களத்தை நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் அழுதேன்.

மார்கழி 23, புதன்

கிளம்பிவிட்டோம். ரஹீம் ஆற்காட்டுக்கு. மற்றவர்கள் வாலாஜா ரோடில் ரயிலுக்கு. இதை ரயிலில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது.

தேவராஜ் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பிளாட்பாரத்தில் கரீம் பாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு தமிழ் சரியா வரல ஸாப்.”

“எனக்குத்தான் பாய் ஜாஸ்தி வந்துடுச்சு.”

“ரஹீமுக்கு நான்தான் தந்தி அடிச்சேன். இப்ப எப்படி அவனை...”

“வேணாம் பாய். பையன் நல்லா இருக்கட்டும்.”

அவர் கண் கலங்கியது. நான் ரயில் வருகிறதா என்று பார்த்தேன். இன்னும் சிக்னல்கூட விழவில்லை.

குடியாத்தத்தில் தேவராஜ் வேர்க்கடலை வாங்கினார். பிறகு கரீம் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, பார்த்துப் பார்த்துச் சொன்னார்:

“சபாபதி ஸாப், நாங்க போய்ச் சேந்ததும் உங்களுக்கு கடுதாசி போடறோம்.”

தேவராஜ் வெளியே பார்த்தார். இந்தத் தடவை தமிழில் ஒரு பிழையும் இல்லை.