தழும்பின் மேல் ஒரு துளை

பிப்ரவரி 9
இன்று காது குத்திக்கொண்டேன். இந்த வயதில். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தொங்கட்டானைப் பிடித்து இழுத்துக் கிழித்த காது. போன வருடம் அவளே டாக்டரிடம் கூட்டிப்போய்த் தைக்க வைத்தாள். முதல் சம்பளத்தில் எனக்குத் தோடும் வாங்கி அனுப்பியிருக்கிறாள். மாதக் கடைசியில் வருகிறாள். அவள் வரும்போது அது என் காதில் இருக்க வேண்டும்.

"தழும்புல குத்தாதீங்க, கொஞ்சம் தள்ளிக் குத்துங்க" என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். தள்ளினால் இரண்டு தோடும் ஏறி இறங்கித் தெரியாதா? தையல் கடை வைத்திருப்பவளுக்கு அது பொறுக்குமா? மற்ற காதை டேப்பால் அளந்து, நானே புள்ளி வைத்துக்கொண்டு போனேன். குத்துகிறவர் தயங்கினார். "இது தையல் போட்ட எடமாச்சேக்கா."

"நான் வெச்ச புள்ளியில குத்துங்க" என்றேன். குத்தியதும் மகள் அனுப்பிய தோட்டையே மாட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 12
லேசாக வீக்கம். புதுத் துளை என்றால் அப்படித்தான்.

பிப்ரவரி 16
காது அனலாகக் கொதிக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. தலையணை உறையில் மஞ்சள் கறை. இவர் பார்த்துவிட்டு, "கழட்டி வெச்சிடேன்" என்றார். கழற்றினால் துளை மூடிக்கொள்ளாதா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

பிப்ரவரி 19
சீழ். முடியைக் காதின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மகள் போனில், "தோடு போட்டுப் பாத்தியாம்மா?" என்றாள்.

"ரொம்ப நல்லா இருக்குடி."

அதைச் சொல்லும்போதே காது விண்விண் என்று தெறித்தது.

பிப்ரவரி 22
காலையில் தடவிப் பார்த்தால் பின்பக்கத் திருகாணியைக் காணோம். விழவில்லை — சதைக்குள் போய்விட்டது. பயமா இருக்கு. காதே போயிடுமோ? எதுக்கு எனக்கு இந்த வீம்பு?

பிப்ரவரி 23
டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, கீறித்தான் எடுத்தார். தைத்த இடம் பாதி பிரிந்துவிட்டது. "தழும்புக்கு பலம் கெடையாதும்மா. அன்னிக்கே சொன்னேனே." ஒரு வாரத்துக்கு மாத்திரை. முழுதாக ஆறிய பிறகுதான் மறுபடி தைப்பதைப் பற்றிப் பேசவே முடியுமாம்.

பிப்ரவரி 27
மகள் வந்தாள். வாசலில் கட்டிப்பிடிக்க வந்தவள் காதுக் கட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுதாள். "மொதல்ல கிழிச்சதே நான்தானேம்மா."

"நீ அப்ப பால்குடிக் கொழந்தை, உனக்கு என்ன தெரியும்? இந்தத் தடவை கிழிச்சது நான்" என்றேன். அதற்கப்புறம் எனக்கும் அழுகை நிற்கவில்லை. தோட்டை அதன் டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 11
வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி ரவிக்கை கொண்டுவந்தாள். கொக்கி துணியோடு பிய்ந்திருந்தது. "அதே எடத்துல வெச்சுக் குடுங்கக்கா" என்றாள்.

"கிழிஞ்ச எடம் தாங்காதும்மா. பக்கத்துல நல்ல துணியில வெக்கறேன்."

"ஏறி எறங்கித் தெரியாதா?"

முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டேன். "கொஞ்சம் தெரியும்" என்றேன்.

அவள் என் காதைப் பார்த்தாள். ரவிக்கையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.