வாபஸ் வாங்காத மனு

1996 செப்டம்பர் 6, வெள்ளி

மேல்காற்று. கொடியில் ஒரு துணி நிற்கவில்லை. டியூஷன் சென்டரில் சம்பளம் வந்தது. 550.

எம்.ஏ. அரசியல் அறிவியல் முடிக்க வாங்கிய கடன் 14,000. கொடுத்தவர் வாழைத்தார் மண்டி பிச்சையா அண்ணாச்சி. அப்பா பன்னிரண்டு வருடமாக அவர் மண்டியில்தான் கணக்கு எழுதுகிறார்.
வட்டி மாதம் 280.
டவுணுக்குப் பஸ் 130.
மிச்சம் 140.

அசலை அடைக்க நூறு மாதம். அதுவரை சேலை கிழியக்கூடாது, காய்ச்சல் வரக்கூடாது. பள்ளியில் கூடப் படித்த மும்தாஜ் பிளஸ் டூவோடு நிறுத்தி டைப் படித்தாள். 900 வாங்குகிறாள்.

செப். 8, ஞாயிறு

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். மண்டி நிறைய ஆள். அண்ணாச்சி எல்லோர் காதிலும் விழும்படி:

"வாட்டி ஈஸ்வரி! மாசம் ஐநூத்தம்பதாம்லா? இங்கன தார் சொமக்கவன் ஆயிரம் வாங்குதான். அவன் எந்தக் காலேஜுல அரசியல் படிச்சான்?"

சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். இதை எழுதத்தான் நோட்டை எடுத்தேன். அப்பாவும் சிரித்தார்.

மண்டி தீப்பிடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். பாலம் வந்ததும் மாற்றிக்கொண்டேன். எரிந்தால் அப்பாவுக்கு வேலை போகும். அந்த ஆள் மட்டும் விழுந்தால் போதும். ஊர் பார்க்க.

செப். 14, சனி

அண்ணாச்சி எங்கள் வீட்டில்! முதல் தடவை. காப்பி குடித்தார். ஊராட்சித் தலைவர் பதவி இந்தத் தடவை பெண்களுக்கு. முன்பு தலைவராக இருந்தவர் இவர்தான், இப்போது மனைவி கோமதி அத்தையை நிறுத்துகிறார்.

"கோமதி மனுவ நீதான் எழுதணும். சட்டமெல்லாம் ஒனக்கு அத்துப்படில்லா. அவ மனு தள்ளுபடியாயிட்டுன்னா? அதுக்கு நீயும் ஒண்ணு போடு, டம்மியா. கடைசி நாள் வாபஸ் வாங்கிரு. டெபாசிட் நான் கெட்டுதேன். இந்த மாச வட்டி வேண்டாம்."

அப்பா எனக்கும் சேர்த்துத் தலையாட்டினார். வாபஸ் தாளில் இப்போதே என் கையெழுத்து. அண்ணாச்சி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அரசியல் அறிவியலின் முதல் வருமானம் 280. அதுவும் கைக்கு வராது.

செப். 18, புதன்

வேகாத வெயில். ஒன்றிய அலுவலகம். இரண்டு மனுவும் என் கையெழுத்தில். கோமதி அத்தை பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எம் பேர எழுதி எத்தன வருசமாச்சுட்டி" என்றாள். பைய எழுதினாள். நல்ல எழுத்து.

சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன. யாரும் படிக்கவில்லை. நான் இரண்டு தடவை. வாபஸ் தாளை வேட்பாளரே நேரில் தர வேண்டும். அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஆள். அண்ணாச்சியிடம் அப்படி ஒரு எழுத்தும் இல்லை.

வீடு வரும்வரை கால் தரையில் பாவவில்லை.

செப். 21, சனி

வாபஸுக்குக் கடைசி நாள். மூன்று மணி வரை.

முதல் பஸ்ஸில் டவுணுக்குப் போய்விட்டேன். ரத வீதியை எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று தெரியாது. நூறு கிராம் அல்வா, நின்றுகொண்டே. நாலு மணிக்குத்தான் திரும்பும் பஸ்.

நடந்ததை அப்பா சொன்னார். அண்ணாச்சி தாளை நீட்டியிருக்கிறார். அதிகாரி, "அந்தப் பிள்ளையே வரணும், இல்லாட்டி அது எழுதிக் கொடுத்த ஆள் வரணும்" என்றிருக்கிறார். அண்ணாச்சி கத்தியிருக்கிறார். மணி மூன்று அடித்துவிட்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் அண்ணாச்சி. செருப்பைக் கழற்றவில்லை.

"மூணு நாளைல பதினாலாயிரமும் வரணும். வே, நீரு நாளைலேருந்து மண்டிக்கு வரவேண்டாம்."

"கடன் பத்திரத்துல மூணு வருசம்னு இருக்கு அண்ணாச்சி. அதுக்கு முந்தி வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க."

நானா பேசினேன்? அவர் முகம் கறுத்ததைப் பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது.

செப். 25, புதன்

அப்பா நாலு நாளாக என்னோடு பேசவில்லை. காலையில் பழக்கதோஷத்தில் சட்டை போட்டு, பிறகு கழற்றினார். அவர் வேலையைத் தின்றது நான். வருத்தம் இருக்கிறது. மனுவை நினைத்தால் வருத்தம் இல்லை. இரண்டும் ஒரே வயிற்றில்.

மத்தியானம் கோமதி அத்தை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழட்டும் என்றுகூட.

"நெசமாவே நிக்கியா?"

"ஆமா அத்தை."

"நல்லதாப் போச்சு. போட்டி இல்லன்னா என்னைய வீட்டுல ஒக்காத்தி வச்சிருப்பாவ. இப்ப நானும் ஓட்டுக் கேக்கப் போகலாம்லா."

அடுப்பில் கொதித்த பாலைக்கூட அவள்தான் இறக்கினாள்.

அக்டோபர் 5, சனி

என் சின்னம் பூட்டு. அத்தைக்கு ஏணி. தென்கரைத் தெருவில், நடவுக்குப் போகிற பெண்களிடம் ஓட்டுக் கேட்டேன். ஒருத்தி, "செயிச்சா என்ன செய்வ?" என்றாள். அண்ணாச்சியின் பெயர் வாய்வரை வந்தது. குடிதண்ணீர்க் குழாய் என்றேன். அதுவரை தண்ணீர் என் நினைவிலேயே இல்லை.

தெருமுனையில் அப்பா! கையில் என் நோட்டீஸ். "அங்கன மூணு வீடு விட்டுப்போச்சு" என்றார். அவ்வளவுதான். பதினாலு நாள் கழித்து ஒரு பேச்சு.

அண்ணாச்சி வீட்டுக்கு வீடு கும்பிடுகிறாராம். தார் சுமக்கிறவர்கள் வீட்டிலும். இதைக் கேட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

31 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

மும்தாஜ் கட்டிப்பிடித்து அழுதாள். கோமதி அத்தை கூட்டத்தை விலக்கி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "நானூத்திச் சொச்சம் பேரு எனக்கும் போட்டிருக்காவட்டி!" ஜெயித்தவள் போல இருந்தாள். அண்ணாச்சி அவளை விட்டுவிட்டுக் காரில் போய்விட்டார். அப்பா சைக்கிளில் அவளை வீட்டில் கொண்டுவிட்டார்.

நவம்பர் 4, திங்கள்

ராத்திரியிலிருந்து மழை. அலுவலகம் ஒழுகுகிறது, ஃபைல்கள் மேல் கோணிச்சாக்கு. தலைவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தரிடம் கேட்டேன். சிரித்தார். மனுசன் கெட்டவர் இல்லை.

ஆக டியூஷன் 550 அப்படியே. வட்டி 280 அப்படியே. நேரில் கொடுப்பதில்லை, மணியார்டர்.

பதினோரு மணிக்கு அண்ணாச்சி. நனைந்திருந்தார். மண்டி உரிமம் முடிந்துவிட்டதாம், பெரிய வியாபாரம் காத்திருக்கிறதாம்.

"ஒரு கையெழுத்து... தலைவரம்மா."

எதிரில் நாற்காலி காலி. உட்காரச் சொல்லவில்லை. தாளை மூன்று தடவை படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பேனாவை மூடி வைத்தேன்.

"விதிப்படி பதினஞ்சு நாள் ஆகும் அண்ணாச்சி."

தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கினார்.

அப்படி ஒரு விதி இல்லை.