மைதானத்தில் அக்கா கிடையாது

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் பாவ்லா காட்டிவிட்டுப் போய்விட்டது. இடது பூட்ஸ் வாயைப் பிளந்துவிட்டது. பசை போட்டு மேலே செங்கல் வைத்திருக்கிறேன்.

வில்லியனூர் மைதானத்தில் பயிற்சி ஆட்டம். எப்போதோ கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டவர்கள் தோண்டிய குழிகள் இன்னும் அப்படியே. நல்ல பாதி ஆண்கள் அணிக்கு. குழிப் பாதி எங்களுக்கு. கேட்டால் வாட்ச்மேன், "பொண்ணுங்க மெதுவாதானம்மா ஓடுவீங்க" என்கிறார்.

தோற்றோம். அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம். எங்கள் கோல்கீப்பர் சுகன்யா முதலாம் ஆண்டு. எங்களுக்குப் பின்னால் ஒருத்தி ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, பின்னால!" என்று அலறினாள். அவளுக்கு முன்னால் நின்ற ஆறு பேரும் அவளுக்கு அக்கா. ஆறு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். பந்து சாவகாசமாக உள்ளே போனது. எதிரணிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

புது கோச் ஷைனி மிஸ் சிரிக்கவில்லை. மாஹேயிலிருந்து மாற்றலாகி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. எங்களை வட்டமாக உட்காரவைத்தார். "நாளைலேர்ந்து கிரவுண்டுல அக்கா கெடையாது. பேரு மட்டும். சீனியரோ கேப்டனோ, யாரானாலும் பேரு. இது நம்ம டீமோட கல்ச்சர். மனசிலாச்சா?"

"எஸ் மிஸ்."

ஒருத்திகூட நம்பிச் சொல்லவில்லை. போன கோச் ஒழுக்கம் என்றார், எஸ் சார். அதற்கு முந்தியவர் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார், அதற்கும் எஸ் சார். அந்தக் குடும்பத்தில் தண்ணீர் பாட்டில்கள் மட்டும் தனித்தனியாக இருந்தன.

செப்டம்பர் 11, வியாழன்

பஸ் லேட். முதல் வகுப்பு போச்சு. பசை பிடிக்கவில்லை, பூட்ஸுக்கு நைலான் கயிறு.

இன்று பயிற்சி இப்படி: வட்டமாக நிற்க வேண்டும். யாருக்குப் பந்தோ அவள் பெயரைக் கத்திவிட்டு உதைக்க வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வெட்கத்தில் செத்தார்கள். கேப்டன் ரேவதி மூன்றாம் ஆண்டு. அவளை ஒரு பொடிசு "ரேவதி" என்றதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தயிர் புளித்ததுபோல்.

என் பிரச்சனை ரேவதி இல்லை. கீர்த்தனா.

இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதுகிறேன். கீர்த்தனாவும் நானும் ஒரே ஊர், ஒரே வயது, ஒரே பஸ். பாகூர்ப் பக்கம். அவள் ஊர், நான் காலனி. அவள் அப்பா நிலத்தில்தான் என் அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறாள். அம்மாவுக்கு அவள் "பாப்பா". அவர்கள் வீட்டுச் சின்னப் பையன்கூட அம்மாவை "சரசு" என்பான். எங்கள் ஊரில் பெயர் மேலிருந்து கீழே மட்டும்தான் இறங்கும்.

நான் அவளை எப்படிக் கூப்பிடுவேன்? கூப்பிடவே மாட்டேன். பாப்பா என்று சொல்ல என் நாக்கு வளையாது. பெயர் சொல்லப் பயம். ஒன்றரை வருஷமாக எதிரில் போய் நின்று, கண்ணைப் பார்த்த பிறகு பேச ஆரம்பித்துச் சமாளித்திருக்கிறேன். அணியில் நான் நடுக்களம், அவள் முன்னால் நின்று கோல் அடிப்பவள். பந்தைக் கொடுக்க வேண்டியவளே நான்தான்.

என் முறை வந்தது. எதிரில் அவள். "ஹேய்" என்றேன்.

மிஸ்: "ஹேய்னு ஒரு ஆளு இங்க இல்லையே?"

எல்லோரும் சிரித்தார்கள். கீர்த்தனா சிரிக்கவில்லை. காத்திருந்தாள்.

"கீர்த்தி!" என்று கத்திவிட்டு உதைத்தேன். காலால் நிறுத்தினாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் திரும்பும் பஸ்ஸில் அவள் முன் சீட், நான் பின் சீட். வழக்கம்போல். மிஸ்ஸின் கல்ச்சர் மைதான கேட்டுக்கு வெளியே வராது என்று குறித்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தலைக்குக் குளித்தேன், காயவே இல்லை, தும்மல்.

மிஸ் இன்று இல்லை. பாண்டியில் மீட்டிங். நான் எதிர்பார்த்த நாள். யார் நிஜம், யார் நடிப்பு என்று இன்று தெரிந்துவிடும்.

பத்து நிமிஷம் தாங்கவில்லை. ரேவதி சுகன்யாவிடம், "ஏய், இன்னிக்கு மிஸ் இல்ல. ஒழுங்கா அக்கான்னு சொல்லு. பைய எட்த்துக்கினு வா" என்றாள். சுகன்யா தோளில் மூன்று பை. நான் முறைத்தேன். "உனுக்கு இன்னாடி பொத்துக்கினு வருது?" என்றாள் ரேவதி. பந்தை வேலியில் உதைத்தேன். கல்ச்சராம். மண்ணாங்கட்டி.

பிறகு இரண்டாகப் பிரிந்து ஆடினோம். ரேவதி பின்களத்தைக் காலி செய்துவிட்டு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். கோலில் இருந்து சுகன்யா கத்தினாள்: "ரேவதி! எடத்த வுட்டுட்டு எங்க போற? பின்னால வா!"

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. க்ளவ்ஸால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் நின்றுவிட்டோம். மூன்று பை தூக்கிய பிள்ளைக்கு இன்றைக்கு நல்ல கச்சேரி என்று நினைத்தேன்.

ரேவதி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். திரும்பி நடந்து வந்து தன் இடத்தில் நின்றாள். "அதுக்கு ஏன்டி இப்படிக் கத்தற, காது போச்சு" என்றாள். ஆட்டம் தொடர்ந்தது.

போகும்போது தன் பையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

தூறல். இன்டர்னல் தேர்வு, சுமார்.

நாளை ஆட்டம். பாண்டி டவுன் காலேஜ் அணியோடு. எங்கள் மைதானத்தில் கட்சிக்காரர்களுக்கு மறுபடியும் பந்தல் வேண்டுமாம், அதனால் பாகூர் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதாவது எங்கள் ஊர்க்காரர்கள் முன்னால்.

அம்மாவிடம் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி: "பாப்பாவோட அப்பா வராராமே?"

"வரட்டும்."

"அவுரு எதிர்ல அந்தப் பொண்ண பேரு சொல்லிக் கத்தாதடி. பாப்பான்னு சொல்லிட்டுப் போ. வாயி இன்னா தேஞ்சா பூடும்?"

"பந்து வரும்போது பாப்பா, கோப்பான்னு எவ சொல்வா?"

"நடவு ஆரம்பிக்கப் போவுது பவி. எனுக்குத் தெரிஞ்சதத்தான் சொல்ல முடியும்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கோபம் அம்மா மேல் இல்லை. அம்மாவை இப்படிப் பேசவைத்தவர்கள் மேல். ஆனால் அப்படியே விட்டது அம்மா ஆக்கிய சோற்றை.

செப்டம்பர் 20, சனி

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

நல்ல வெயில். பாதி ஊர் வந்திருந்தது. கீர்த்தனாவின் அப்பா எல்லைக்கோட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில், வெள்ளை வேட்டி. காலனிக்காரர்கள் எதிர்ப்பக்கம், நின்றபடி. அம்மா வரவில்லை.

முதல் பாதி. பந்து என் காலில். இடது பக்கம் கீர்த்தி தன்னந்தனியாக ஓடுகிறாள், மறிக்க ஒருத்தியும் இல்லை. பெயரைச் சொன்னால் திரும்புவாள், பந்தைக் கொடுத்தால் கோல். அவளுக்குப் பின்னால் சரியாக அந்த நாற்காலி. எனக்கு வாய் வரவில்லை. வரவே இல்லை. பந்தை வைத்துக்கொண்டு நின்றேன். டவுன்காரி ஒருத்தி பிடுங்கிக்கொண்டு போனாள். 0–1.

இரண்டு வாரமாக யார் வேஷம் போடுகிறாள் என்று ஒவ்வொருத்தியாகக் கணக்கெடுத்தவள் நான். கடைசியில் வாயை மூடிக்கொண்டவளும் நான்தான்.

இடைவேளை. மிஸ் கால் வைக்கும் இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரியவில்லை. மாஹேக்காரருக்கு எப்படிப் புரியும். கீர்த்திக்குப் புரிந்திருந்தது. தண்ணீர் பாட்டிலோடு நேராக என்னிடம் வந்தாள்.

"என் பேரு மறந்து பூட்ச்சா?"

குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினேன்.

"எங்கப்பாவ பாத்தியா, பந்த பாத்தியா?"

"உனக்கு இன்னா, நீ ஈசியா சொல்லுவ. நடவுக்கு எங்கம்மாதான போவுது."

மெதுவாகச் சொன்னாள், "தெரியும். நீ கத்து. திரும்பறது என் வேல." பாட்டிலை என்னிடம் நீட்டினாள். அவள் வாய் வைத்துக் குடித்த பாட்டில். குடித்தேன்.

இரண்டாம் பாதி. அதே இடது பக்கம், அதே நாற்காலி. "கீர்த்தீ!" என்று கத்தினேன். மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். நாற்காலி திரும்பியது. அவளும் திரும்பினாள், ஆனால் பந்துக்கு. ஒரு தட்டு. உள்ளே.

1–1. முடியும் வரை அப்படியே. அதற்குப் பிறகு எத்தனை முறை கத்தினேன் என்று தெரியாது. அவளும் கத்தினாள், ரேவதி கத்தினாள், சுகன்யா எல்லோரையும் பெயர் சொல்லி விரட்டினாள். டவுன் அணியின் பூட்ஸ் எல்லாம் புதுசு. என்னுடையதில் நைலான் கயிறு. அதற்கு மேல் ஒரு கோல்கூடப் போட விடவில்லை.

விசில் ஊதும்போது பார்த்தேன். நாற்காலி காலி.

செப்டம்பர் 22, திங்கள்

மேகமூட்டம். நடவு தொடங்கிவிட்டது. காலனியில் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவைக் கூப்பிடவில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. "ஏரிக்கு அந்தாண்ட வேல இல்லியா இன்னா" என்று சொல்லிவிட்டுத் துணி துவைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் கீர்த்தி பின் சீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன் சீட்டில் அவள் சித்தப்பா. திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"எங்கப்பா எங்கிட்ட பேசறதில்ல" என்றாள்.

"எங்கம்மாவுக்கு வேல இல்ல" என்றேன்.

"தெரியும். சண்ட போட்டேன். அவுரு கேக்கல."

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்திருக்கும். சரிசெய்துவிடுகிறேன் என்று பொய்யும் சொல்லவில்லை. வில்லியனூர் வரை அங்கேயே உட்கார்ந்து வந்தாள்.

ஒன்று மட்டும் உறுதி. திரும்பவும் அந்த நாற்காலி இருந்தாலும் கத்துவேன்.

செப்டம்பர் 24, புதன்

மதியம் ஒரு மழை. மைதானக் குழிகளில் எல்லாம் தண்ணீர். நீச்சல் அணியும் ஆரம்பிக்கலாம் என்றாள் ரேவதி.

ஏரிக்கு அந்தாண்ட அம்மாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது, நாளையிலிருந்து. இன்று சும்மா இருந்தாள். "நீ அப்பிடி இன்னாதான் ஆட்ற, வந்து பாக்கறேன்" என்று பஸ் ஏறி வந்துவிட்டாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. நல்ல புடவை. எல்லைக்கோட்டுக்கு வெளியே, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மிஸ் கொடுத்த நாற்காலியில் உட்காரவில்லை.

முதலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு கை அவிழ்ந்தது. பிறகு கோட்டை ஒட்டி நடக்க ஆரம்பித்தாள். பந்து போகும் பக்கமெல்லாம் குடையும் போனது.

கீர்த்தி பந்தோடு ஓடுகிறாள். இரண்டு பேர் அவளை மறிக்கிறார்கள். நான் வலது பக்கம் தனியாக இருக்கிறேன். என் வாய் திறப்பதற்கு முன்னால் கோட்டுக்கு வெளியேயிருந்து ஒரு சத்தம்:

"கீர்த்தி! பவிக்கு வுடு! கீர்த்தி!"

அம்மா.

கீர்த்தி பந்தை எனக்குத் தட்டினாள். தட்டிவிட்டு நின்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் வாயை மூடியிருந்தாள், கண் இரண்டும் பெரிதாக.

"காத்துல சரியா கேக்கல" என்றாள் கீர்த்தி. "இன்னும் சத்தமா கத்துங்க."

அம்மா முந்தானையை எடுத்தாள். கத்தினாள்.