பெருமுக்கல் உயரம்

என்னங்க,

கேப்பைக் கூழு பானையில இருக்குது. மல்லாட்டைச் சட்னி மூடி வெச்சிருக்கேன்.

வாட்ச்சுல திசையும் தப்பு, உயரமும் தப்புன்னீங்களே, நேத்து சரிபண்ணப் பாத்தேன். திசையைக் கெடுத்தது வார்ல இருந்த காந்தம். வேற வார் மாட்டி, கையை எட்டு மாதிரி சுத்தினதும் வடக்கு சரியாயிடுச்சு. உயரத்துக்காக திண்டிவனம் ஸ்டேஷனுக்கே போனேன். கடல் மட்டத்துக்கு மேல எவ்ளோன்னு மஞ்ச போர்டுல போட்டிருக்குது இல்ல, வாட்ச்சும் அதையேதான் காட்டுச்சு. உயரத்துல ஒரு கோளாறும் இல்லைங்க.

அப்போ, என் முட்டி வலிக்கு வேண்டிக்கினு பெருமுக்கல் மலை ஏறினேன்னு சொன்ன ஞாயித்துக்கிழமை, பகல் முழுக்க கடல் மட்டம்னு வாட்ச்சுல பதிவாகியிருக்கிறதும் நெஜந்தான். ஷூவுல கடல் மணல். கூட்டாளிங்களோட பொம்மையார்பாளையம் பீச்சுக்குப் போறேன்னு சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?

வாட்ச்சைக் கட்டிக்கினு நானே மலை ஏறப் போறேன். மெதுவா ஏறிக்குவேன். தேடிக்கினு வராதீங்க.

கவிதா

கேஸ்காரர் வருவாரு, காலி சிலிண்டர் பின்கட்டுல இருக்குது.

இன்னொண்ணு. அன்னைக்கு வந்ததும் என் முட்டியில துன்னூறு தடவிவிட்டீங்க. வலி குறைஞ்சிடுச்சுன்னு கூட சொன்னேன். அது எந்தக் கோயில் துன்னூறுங்க?