வலம் வந்து தோற்ற கோயில்

ஞாயிறு, இரவு.

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. படிக்கப்போவது நான்தானே, பொறுத்துக்கொள்கிறேன்.

காட்டூர்ப் பேத்தி பழைய வீடியோ கேம் ஒன்றை டிவியில் மாட்டிக் கொடுத்தாள். வாள் பிடித்த வீரனை நானே ஓட்டினேன்! ஒரே ஆனந்தம். நடுவில் ஒரு பாழடைந்த கோயில் வந்தது. அதை வலமாகவே சுற்றினேன். அந்தப் பக்கம் நின்ற பூதம் ஒவ்வொரு தடவையும் என்னைக் கொன்றது.

பிறகு என் மனைவி விளையாட்டு ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கினாள். இடமாகப் போய்ப் பூதத்தைப் பின்னாலிருந்து ஒரே வெட்டாக வெட்டினாள்.

"அப்பிரதட்சிணமா போறியேடி!"

"சாமியே இல்லாத கோயில்ல எதுக்குங்க பிரதட்சிணம்?"

"பாட்டி சூப்பர்!" என்று பேத்தி அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

பேத்தி கேம் பெட்டியை இங்கேயே விட்டுப்போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பெருமாள் கோயில் தாயார் சன்னதிக்கு என் மனைவி போவாள். அவள் அங்கே வலம் வரும்போது நான் இங்கே இடமாகச் சுற்றுவேன். ஜெயித்தால் அடுத்த வாரம் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.