பச்சை படிந்த பன்னிரண்டு தட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

மகள் வேலை பார்க்கும் செடி ஆய்வகத்தில் எனக்கும் வேலை. தட்டு கழுவுவது. அவள் அம்மா இறந்துபோன இந்த எட்டு மாதமாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேனாம். "தட்டையாவது பாருங்கப்பா" என்றாள். எட்டாவதோடு நின்றவன், ஆய்வகத்தில் கால் வைத்துவிட்டேன்.

மார்ச் 7

மகள் வளர்க்கும் பெரணிச் செடிக்கு விதையே கிடையாது. பூக்காது, காய்க்காது. இலைக்கு அடியில் காப்பித்தூள் மாதிரி ஒட்டியிருக்கும் ஸ்போர்தான் அதன் வம்சம். "ஈரம் இல்லேன்னா ஒண்ணும் நடக்காதுப்பா" என்றாள். மலை சரிந்த இடத்தில் பாசியும் இதுவும்தான் முதலில் வந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளுமாம். தலையாட்டினேன். ஆட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மார்ச் 19

பன்னிரண்டு தட்டுகளில் பாசி. தேய்த்துப் பளபளவென்று வெயிலில் கவிழ்த்தேன்.

மார்ச் 20

அது பாசி இல்லை. பெரணியின் குழந்தைப் பருவமே அப்படித்தானாம் — நகக்கண் அளவில், இதய வடிவத்தில், மண்ணோடு ஒட்டிய பச்சைத் தோல். செடி அதிலிருந்துதான் எழும்பும். மகளின் மூன்று மாத உழைப்பு. சரிந்த மலைக்குப் போக வேண்டியவை.

அவள் கத்தவில்லை. கத்தித் தொலைத்திருக்கலாம். மேலாளர் கேட்டதற்கு, "நான்தான் தட்டுல பேர்ச் சீட்டு ஒட்ட மறந்துட்டேன் சார்" என்றாள்.

சீட்டு இருந்தது. அதையும் சேர்த்துச் சுரண்டியது நான். பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறந்தேனா? இல்லை. உள்ளே எதுவும் அசையவில்லை. மதியம் சாப்பிடக்கூடச் செய்தேன்.

மார்ச் 21

அவள் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இனி நீட்டிக்க மாட்டார்களாம்.

மார்ச் 24

மேலாளர் அறைக்குப் போனேன். "சீட்டு இருந்துச்சு சார். சுரண்டினது நான்."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"தெரியல சார்."

நிஜமாகவே தெரியவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரி என்றேன். நன்றி என்றும் சொல்லிவைத்தேன், மடையன்.

ஏப்ரல் 2

அவளுக்கு ஒப்பந்தம் நீட்டித்துவிட்டார்கள். வீட்டில் பேச்சில்லை. எனக்கான சாப்பாடு மட்டும் மூடியிருக்கும்.

ஏப்ரல் 11

சாயங்காலம் வந்தாள். விரலெல்லாம் சிவந்திருந்தது.

"மறுபடி ஸ்போர் தூவணும்னு எல்லாத் தட்டையும் நானே கழுவறேன். மூலையில இருக்கற அழுக்கு போகவே மாட்டேங்குது. நீங்க எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?"

"உங்கம்மாவோட பழைய டூத் பிரஷ்."

பையைத் தோளிலிருந்து கழற்றாமலே பக்கத்தில் உட்கார்ந்தாள்.